ஈமாக்ஸ் சோர்ஸ் கோடில் கீபோர்டும் சப்-புரொசெஸும்: முதல் தடவை இறங்குபவருக்கு ஒரு வழிகாட்டி

கிளிநொச்சியில் வீட்டில் இருந்தபடி தமிழ் எழுத்துப்பிழை பார்க்கும் ஒரு சின்னப் புரோகிராமை எழுதி, அதை ஈமாக்ஸ் எடிட்டருக்குள் சப்-புரொசெஸாக (ஈமாக்ஸே தொடக்கி நடத்தும் பிள்ளைப் புரோகிராமாக) ஓடவிட்டேன். இரண்டு சிக்கல் வந்தது. பெரிய பைலைக் கொடுத்தால், திரும்பி வரும் விடையில் எங்காவது ஒரு விசிறி (இகரக் குறி) தன் எழுத்தை விட்டுப் பிரிந்து தனியே நின்றது. அது ஓடிக்கொண்டிருக்கும்போது, ஈமாக்ஸில் வேலையை நிறுத்தும் கொன்ட்ரோல்-ஜி அடித்தால் நிற்கவே இல்லை. காரணம் தேடி ஈமாக்ஸின் சோர்ஸ் கோடுக்குள் இறங்கினேன். கேட்பதற்குப் பக்கத்தில் ஒருவரும் இல்லை. நாலு மாதம் போயிற்று. அந்த நாலு மாதம் உங்களுக்கும் போகக்கூடாது என்று இதை எழுதுகிறேன்.

சி மொழியில் பொயின்டரும் ஸ்ட்ரக்டும் விளங்கும், லினக்ஸில் கமாண்ட் அடிக்கத் தெரியும் என்றால் போதும். அறிவியல்நகரில் பொறியியல் படிப்பவராக இருந்தாலும் சரி, மாங்குளத்தில் வீட்டில் இருந்து தானாகப் படிப்பவராக இருந்தாலும் சரி, கீழே உள்ள ஒழுங்கிலேயே போங்கள். பைல், பங்ஷன் பெயர்களை ஒலிக்கும் விதத்தில் தமிழில் தருகிறேன். கோடில் தேடும்போது சொற்களுக்கு நடுவில், சி பெயர் என்றால் அடிக்கோடும், லிஸ்ப் (ஈமாக்ஸின் சொந்த மொழி) பெயர் என்றால் சிறுகோடும் போட்டுத் தேடுங்கள்.

1. இறக்குவதற்கு முன் டேட்டாவைக் கணக்குப் பாருங்கள்

சோர்ஸ் இரண்டு விதமாகக் கிடைக்கும். வெளியீட்டுப் பொதி (டார் பைல்) சுமார் 50 எம்பி. கிட் களஞ்சியத்தை முழு வரலாற்றோடு எடுத்தால் பல நூறு எம்பி. போன் ஹொட்ஸ்பொட்டில் வேலை செய்பவர் கிட் குளோன் கமாண்டோடு டெப்த் 1 என்று கட்டாயம் சேர்க்க வேண்டும். அப்போது கடைசி நிலை மட்டும் இறங்கும்.

கிட் குளோன் பாதியில் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடராது, முதலில் இருந்துதான் தொடங்கும். மழை நாளில் சிக்னல் விழுந்து விழுந்து எழும்பும் இடத்தில் இருப்பவருக்கு இது பெரிய நட்டம். எனக்கு 3 தடவை அறுந்தது. டார் பைல் அப்படியல்ல. டபிள்யூகெட் கமாண்டுக்கு மைனஸ் சி கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஆகவே வாசித்துப் பார்க்க டார் பைலை எடுங்கள். திருத்தம் அனுப்பும் எண்ணம் வந்த பிறகு, சிக்னல் நன்றாக உள்ள ஓர் இடத்துக்குப் போய் மாஸ்டர் கிளையைக் குளோன் பண்ணுங்கள். இரவு டேட்டா உள்ள பக்கேஜ் என்றால் இரவில் வைத்துவிடலாம். திருத்தத்தை டார் பைலின் மேல் செய்து அனுப்பக்கூடாது. அதற்குள் மாஸ்டரில் அந்த இடமே மாறியிருக்கலாம்.

2. டிபக் பண்ணக்கூடிய விதத்தில் பில்ட் பண்ணுங்கள்

கிட்டில் இருந்து எடுத்தவர் முதலில் ஆட்டோஜென் ஸ்கிரிப்டை ஓட்ட வேண்டும். டார் பைலுக்கு அது தேவையில்லை. கொன்பிகர் ஓட்டும்போது சிஃபிளாக்ஸில் மைனஸ் ஓ பூச்சியமும் மைனஸ் ஜி3-உம் கொடுங்கள். ஓ பூச்சியம் இல்லாவிட்டால் கொம்பைலர் சின்னச் சின்ன பங்ஷன்களை ஒன்றுக்குள் ஒன்று கரைத்துவிடும். பிறகு ஜிடிபி என்ற டிபக்கரில் பார்க்கும்போது நீங்கள் தேடும் பெயரே இருக்காது. விதவுட் எக்ஸ் என்பதையும் சேருங்கள். டெர்மினலில் மட்டும் ஓடும் ஈமாக்ஸ் வரும். நிறுவ வேண்டிய லைப்ரரிகளும் குறையும், வாசிக்க வேண்டிய கோடும் குறையும். கீபோர்டின் வழியைப் படிக்க இதைவிடத் தெளிவான இடம் இல்லை.

என்னுடைய 4 ஜிபி லப்டொப்பில், கிட்டில் இருந்து எடுத்துச் செய்த முதல் பில்ட் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. லிஸ்ப் பைல்கள் எல்லாவற்றையும், வேகம் குறைந்த இந்த ஈமாக்ஸே உட்கார்ந்து கொம்பைல் செய்வதுதான் காரணம். ஒருமுறை முடிந்துவிட்டால், பிறகு ஒரு சி பைலை மாற்றிப் பில்ட் பண்ணச் சில நிமிடம் போதும். நடுவில் கரண்ட் போனால் பயப்பட வேண்டாம். திரும்ப மேக் அடியுங்கள், செய்து முடித்ததை விட்டு மிச்சத்தைத் தொடரும். அப்படியும் விளங்காத பிழை வந்தால் மட்டும் மேக் பூட்ஸ்ட்ராப். அது எல்லாவற்றையும் முதலில் இருந்து செய்யும் என்பதால் லப்டொப் சார்ஜைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

3. எந்த பைலில் இருந்து வாசிக்கத் தொடங்குவது

நான் மாதக்கணக்கில் தடுமாறியது இந்த இடத்தில். எஸ்ஆர்சி அடைவுக்குள் கீபோர்ட்.சி என்று ஒரு பைல், புரொசெஸ்.சி என்று இன்னொரு பைல். முதலாவதை முடித்துவிட்டு இரண்டாவதைத் திறப்போம் என்று நினைத்தேன். இரண்டும் ஆயிரக்கணக்கான வரிகள். ஒன்றை முடித்து மற்றதற்குப் போனபோது முன்னதை மறந்திருந்தேன், ஒன்றோடு ஒன்று தொடர்பும் தெரியவில்லை.

அப்படி வாசிக்காதீர்கள். புரொசெஸ்.சி-க்குள் வெயிட் ரீடிங் புரொசெஸ் அவுட்புட் என்ற ஒரே பங்ஷனில் தொடங்குங்கள். குளத்துக்கு எத்தனை பக்கத்தால் தண்ணீர் வந்து சேர்ந்தாலும் வயலுக்குப் போவது துருசால்தானே. ஈமாக்ஸில் துருசு இந்த பங்ஷன். கீபோர்டில் விழும் எழுத்து, பிள்ளைப் புரொசெஸ் அனுப்பும் வெளியீடு, நெற்வேர்க்கில் வருவது, டைமர், பிள்ளை இறந்த செய்தி என எல்லாவற்றுக்கும் ஈமாக்ஸ் காத்திருப்பது இங்கேதான். உள்ளே ஒரு சுற்று ஓடுகிறது. டைமர் ஏதும் நேரம் வந்ததா, பிள்ளைகளின் நிலை ஏதும் மாறியதா, கீபோர்டில் ஏதும் உண்டா என்று பார்த்துவிட்டு, பி-செலக்ட் சிஸ்டம் கோலில் போய்த் தூங்கும். ஏதாவது ஒன்று வந்ததும் எழும்பி, வந்ததை உரிய இடத்துக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பவும் சுற்றும்.

இனி மேல்நோக்கி ஏறுங்கள். நீங்கள் ஒன்றும் செய்யாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது கூட ஈமாக்ஸ் இந்தச் சங்கிலியில் நிற்கிறது: கமாண்ட் லூப் 1, அது அழைப்பது ரீட் கீ சீக்குவென்ஸ், அது அழைப்பது ரீட் சார், அதிலிருந்து கேபிடி பஃபர் கெட் ஈவென்ட், அதிலிருந்து வெயிட் ரீடிங் புரொசெஸ் அவுட்புட். முதல் நாலும் கீபோர்ட்.சி, கடைசி புரொசெஸ்.சி. நடுவில் சின்னப் படிகள் சில உண்டு, இப்போதைக்கு விட்டுவிடுங்கள். இந்த 5 பெயரையும் ஒரு தாளில் எழுதி மேசைக்கு மேல் ஒட்டிவையுங்கள். நான் அப்படித்தான் செய்தேன்.

அடுத்து அந்த பங்ஷனின் ரீட் கேபிடி என்ற ஆர்கியூமென்டைப் பாருங்கள். அதற்கு 3 மதிப்பு உண்டு. 0 என்றால் கீபோர்டைக் கவனிக்காதே. 1 என்றால் கீபோர்டில் ஏதும் விழுந்தவுடன் திரும்பி வா. −1 என்றால் அழைத்தவரே அந்த எழுத்தை எடுத்து வாசிக்கப்போகிறார், ஆகவே நீ குவிட் பண்ணாதே. கமாண்ட் லூப்பின் வழியாக வரும்போது −1. லிஸ்பில் அக்செப்ட் புரொசெஸ் அவுட்புட்டும் ஸ்லீப் ஃபோரும் 0 கொடுக்கின்றன. சிட் ஃபோர் ஏன் ஒரு கீ தட்டியதும் கலைகிறது, ஸ்லீப் ஃபோர் ஏன் கலைவதில்லை என்பதற்கு விடை இந்த ஒரு எண்ணில் இருக்கிறது.

4. கீபோர்டின் பக்கம்

டெர்மினலில் நீங்கள் தட்டுவது பைட்டாகத்தான் உள்ளே வருகிறது. "தமிழ்" என்று எழுதினால் அது 5 குறிப்புள்ளி, அதாவது 5 யுனிகோட் இலக்கம் (த, ம, விசிறி, ழ, மேலே உள்ள குற்று), ஒவ்வொன்றும் 3 பைட், மொத்தம் 15 பைட். டிடிவை ரீட் அவெய்ல் இன்புட் என்ற பங்ஷன் அந்தப் 15 பைட்டையும் 15 தனித்தனி ஈவென்டாகக் கேபிடி பஃபர் என்ற வட்ட வரிசையில் போடுகிறது. அவற்றைச் சேர்த்து எழுத்தாக்கும் வேலை பிறகு, ரீட் டிகோடட் ஈவென்ட் ஃப்ரம் மெயின் க்யூ என்ற பங்ஷனில் நடக்கிறது. ஆகவே தமிழ் எழுத்து உடைகிறது என்று தோன்றினால் வட்ட வரிசையில் போய்த் தேடி மினக்கெடாதீர்கள். அங்கே எல்லாமே உடைந்துதான் கிடக்கும். முதலில் கீபோர்ட் கோடிங் சிஸ்டம் யுடிஎஃப்-8 ஆக இருக்கிறதா என்று பாருங்கள். ஈமாக்ஸின் சொந்தத் தமிழ் உள்ளீட்டு முறைகளைப் பயன்படுத்தினால் கதை வேறு. அவை லிஸ்பில் எழுதப்பட்டவை, ரீட் சாருக்குள் இருந்து அழைக்கப்படுகின்றன. உள்ளே வருவது வெறும் ஆங்கில எழுத்து, தமிழாக மாறுவது அங்கே.

அம்புக் கீயும் இப்படித்தான். மேல் அம்பு, டெர்மினலைப் பொறுத்து, 27, 79, 65 அல்லது 27, 91, 65 என்ற 3 பைட்டாக வரும். அந்த 27 எஸ்கேப் கீயின் எண்ணேதான். மூன்றையும் சேர்த்து ஒரே கீயாக விளங்கிக்கொள்வது ரீட் கீ சீக்குவென்ஸின் பொறுப்பு. என்ன கீ உண்மையில் வந்தது என்று சந்தேகம் வந்தால் கொன்ட்ரோல்-எச், பிறகு எல். கடைசியாக வந்த 300 கீயும் தெரியும். நான் இதை மூன்றாவது மாதத்தில்தான் அறிந்தேன்.

கொன்ட்ரோல்-ஜி மட்டும் இந்த வரிசையில் நிற்பதில்லை. டெர்மினலில் ஈமாக்ஸ் தொடங்கும்போதே கொன்ட்ரோல்-ஜியை இன்டரப்ட் எழுத்தாகக் கேர்னலிடம் பதிந்துவிடுகிறது. நீங்கள் அதைத் தட்டினால் பைட்டுக்குப் பதில் சிக்இன்ட் சிக்னல் வருகிறது. சிக்னல் ஹான்ட்லர் குவிட் ஃபிளாக் என்ற கொடியை உயர்த்திவிட்டுத் திரும்பிவிடும். லிஸ்ப் ஓடும் வழியில் அடிக்கடி வரும் மேபி குவிட் அந்தக் கொடியைப் பார்த்து நிறுத்தும். ஆனால் இன்ஹிபிட் குவிட் டி (லிஸ்பில் 'ஆம்') ஆக இருந்தால் பார்த்தும் பாராமல் போகும்.

கொடி உயர்ந்தபடி இருக்கும்போது டெர்மினலில் இரண்டாம் தடவை கொன்ட்ரோல்-ஜி அடித்தால் ஈமாக்ஸ் இடைநின்று உங்களை ஷெல்லுக்கு விட்டுவிடும். அதைத் திரும்ப எழுப்பியதும், ஓட்டோ-சேவ் பண்ணவா, கோர் டம்ப் எடுத்து அழிந்துபோகவா என்று கேட்கும். பதற்றத்தில் இரண்டுக்கும் வை அடித்து நான் ஒரு நாள் வேலையை இழந்தேன். முதலாவதற்கு வை (ஆம்), இரண்டாவதற்கு என் (இல்லை).

5. சப்-புரொசெஸின் பக்கம்

பிள்ளையைப் பெறும் இடம் கிரியேட் புரொசெஸ் என்ற பங்ஷன். ஃபோர்க் செய்வதற்கு (பிள்ளையைப் பிரித்தெடுப்பதற்கு) முன் ஈமாக்ஸ், பிள்ளை இறந்ததை அறிவிக்கும் சிக்சைல்ட் சிக்னலைத் தடுத்து வைத்து, பிள்ளையின் பிஐடியை (புரொசெஸ் இலக்கத்தை) குறித்த பிறகுதான் விடுகிறது. பிறந்த உடனே இறந்துவிடும் பிள்ளைகள் உண்டு. கமாண்டுக்குத் தெரியாத ஓர் ஓப்ஷனைக் கொடுத்தாலே போதும். பிஐடியைக் குறிக்க முன்னம் இறந்த செய்தி வந்தால் யார் இறந்தது என்று தெரியாமல் போகும். அந்தத் தடுப்பு வரிகளை வேண்டாதவை என்று நினைத்து எடுத்துவிட்டுப் பரிசோதிக்காதீர்கள். 100 தடவை சரியாக ஓடி 101-ஆம் தடவை தொங்கும்.

இறந்த பிள்ளைகளைத் தேடும் ஹான்டில் சைல்ட் சிக்னலில், தனக்குத் தெரிந்த பிஐடி ஒவ்வொன்றையும் தனித்தனியாகத்தான் விசாரிக்கிறது. வெயிட்பிஐடிக்கு −1 கொடுத்து எல்லாரையும் ஒரே தரத்தில் அள்ளுவதில்லை. அதே புரோகிராமுக்குள் ஜி-லிப் போன்ற லைப்ரரிகளும் தங்கள் பிள்ளைகளைப் பெற்றிருக்கலாம். அவர்களின் பிள்ளையை நாம் எடுத்துவிடக்கூடாது.

பிள்ளையின் வெளியீட்டை ரீட் புரொசெஸ் அவுட்புட் வாசித்து, நீங்கள் லிஸ்பில் கொடுத்த ஃபில்டருக்கு (வெளியீடு வரும்போதெல்லாம் ஓடும் பங்ஷனுக்கு) அனுப்புகிறது. என் முதல் சிக்கலின் வேர் இங்கே இருந்தது. ஒரு தடவையில் அதிகபட்சம் எவ்வளவு வாசிக்கலாம் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. ஈமாக்ஸ் 29 வரை 4096 பைட், 30-இல் 65536. எதை 3-ஆல் வகுத்தாலும் மிச்சம் 1. தமிழாகவே நிறைந்த வெளியீடு என்றால் பெரும்பாலும் எழுத்தின் நடுவில்தான் வெட்டு விழும். பாதியில் நின்ற பைட்டுகளை ஈமாக்ஸ் பத்திரமாக வைத்திருந்து அடுத்த தடவையோடு சேர்க்கிறது, அதில் குறை இல்லை. ஆனால் அது காப்பாற்றுவது குறிப்புள்ளியைத்தான், நாம் எழுத்து என்று சொல்வதை அல்ல. "வன்னி" என்பதில் கடைசி ன ஒரு தடவையிலும் அதன் விசிறி அடுத்த தடவையிலும் வரலாம். ஃபில்டருக்குள் வந்ததை வந்தபடியே நான் சொல்லாகப் பிரித்தேன். அதனால்தான் விசிறி அநாதையாக நின்றது.

தீர்வு எளிது. வருவதை ஒரு ஸ்ட்ரிங்கில் சேர்த்துக்கொண்டே போங்கள். கடைசி வரிமுறிவு வரைக்கும் உள்ளதை மட்டும் எடுத்து வேலை செய்யுங்கள். மிச்சத்தை அடுத்த தடவைக்கு வையுங்கள்.

இரண்டாவது சிக்கல், கொன்ட்ரோல்-ஜி. ஃபில்டரையும் சென்டினலையும் (பிள்ளையின் நிலை மாறும்போது ஓடும் பங்ஷனையும்) அழைக்கும்போது ஈமாக்ஸ் இன்ஹிபிட் குவிட்டை டி ஆக்கிவிடுகிறது. நான் பிழைதிருத்தும் வேலை முழுவதையும் ஃபில்டருக்குள் செய்தேன், அதனால் நிறுத்த முடியவில்லை. சரி, டைமருக்கு மாற்றுவோம் என்று மாற்றினேன். அங்கேயும் நிற்கவில்லை. டைமரும் இன்ஹிபிட் குவிட் டி ஆகத்தான் ஓடுகிறது. இதற்கு 3 வாரம் போயிற்று. கடைசியில் இப்படிச் செய்தேன்: ஃபில்டர் சேர்ப்பதை மட்டும் செய்யும். டைமர் ஒரு தடவையில் 200 வரி பார்த்துவிட்டு விட்டுவிடும், மிச்சத்துக்கு அடுத்த டைமர். நடுவில் துருசு திறந்து கீபோர்ட் உள்ளே வரும். அந்த 200 வரிக்கும் வெளியே வித் லோக்கல் குவிட் என்று சுற்றிவிட்டேன். இப்போது தட்டியவுடன் நிற்கிறது.

இன்னும் சில பொறிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மேக் புரொசெஸ் இயல்பாகப் பிடிவை என்ற போலி டெர்மினலைக் கொடுக்கும். அதில் லினக்ஸ் ஒரு வரியில் 4096 பைட்டுக்கு மேல் ஏற்காது, தமிழில் ஏறத்தாழ 1365 குறிப்புள்ளி. நீண்ட பந்தியை ஒரே வரியாகப் பிள்ளைக்கு அனுப்புபவர் கனெக்ஷன் டைப்பைப் பைப் என்று மாற்ற வேண்டும். பைப்பில் வேறு வில்லங்கம்: பல புரோகிராம்கள் டெர்மினல் இல்லை என்று கண்டதும் வெளியீட்டைத் தேக்கி வைத்துக் கடைசியில்தான் விடும். அதைப் பிள்ளையின் பக்கத்தில்தான் திருத்தலாம். பிள்ளை முடிந்த பிறகும் வாசிக்காத வெளியீடு மிச்சம் இருக்கக்கூடும், அக்செப்ட் புரொசெஸ் அவுட்புட் நில் (லிஸ்பில் 'இல்லை') தரும் வரைக்கும் அழையுங்கள். கோல் புரொசெஸ் என்பது காத்திருந்து முடிக்கும் வகை. அதில் முதல் கொன்ட்ரோல்-ஜி பிள்ளைக்குச் சிக்இன்ட், இரண்டாவது, கட்டாயமாகக் கொல்லும் சிக்கில் சிக்னல்.

6. ஜிடிபியில் கண்ணால் பாருங்கள்

இரண்டு டெர்மினல் திறவுங்கள். ஒன்றில் புதிய ஈமாக்ஸை மைனஸ் பெரிய க்யூவோடு ஓட்டுங்கள், உங்கள் சொந்த அமைப்புகள் குறுக்கே வராது. மற்றதில் எஸ்ஆர்சி அடைவுக்குள் போய் ஜிடிபியை அதன் பிஐடியோடு இணையுங்கள். உபுண்டுவில் அனுமதி இல்லை என்று மறுக்கும். யாமா அடைவில் உள்ள பிட்ரேஸ் ஸ்கோப்பை 0 ஆக்கினால் விடும், லப்டொப்பை அணைத்துப் போட்டால் பழையபடி ஆகிவிடும்.

எஸ்ஆர்சி அடைவில் ஈமாக்ஸுக்கென்றே எழுதிய ஜிடிபிஇனிட் பைல் ஒன்று இருக்கிறது. பாதுகாப்புக் காரணத்தால் ஜிடிபி அதை ஏற்காமல் ஓர் எச்சரிக்கையோடு தாண்டிவிடும். அந்த எச்சரிக்கையில் சொல்லும் சேஃப் பாத் வரியை உங்கள் வீட்டு அடைவின் ஜிடிபிஇனிட்டில் சேர்த்துவிடுங்கள். சேர்க்காவிட்டால் நீங்கள் அடிக்கும் கொன்ட்ரோல்-ஜியை ஜிடிபி பிடித்துக்கொள்ளும், ஈமாக்ஸுக்குப் போகாது. நான் அதையே பிழை என்று நினைத்து 2 நாள் தேடினேன்.

பிரேக்பொயின்டை ரீட் சாரில் வைக்காதீர்கள், ஒவ்வொரு தட்டுக்கும் நிற்கும். ரீட் புரொசெஸ் அவுட்புட்டில் வையுங்கள். பிறகு ஈமாக்ஸில் ஒரு ஷெல்லைத் திறந்து எல்எஸ் அடியுங்கள். நின்றதும் பிடி கொடுத்தால், மேசைக்கு மேல் ஒட்டிய அந்த 5 பெயரும் ஒன்றன் கீழ் ஒன்றாக வரும். அன்றைக்குத்தான் எனக்கு முழுவதும் விளங்கியது. லிஸ்பின் பக்கம் யார் அழைத்தது என்று பார்க்க எக்ஸ்பேக்ட்ரேஸ், ஒரு லிஸ்ப் மதிப்பைப் பார்க்க பிபி. இடிசி அடைவில் உள்ள டிபக் என்ற பைலை ஒருமுறை முழுதாக வாசியுங்கள். அரை நாள் போகும், அதற்குப் பெறுமதி உண்டு.

7. திருத்தம் அனுப்புவதும் தாள்களும்

வாசிக்கும்போது ஏதும் பிழை கண்டால் அனுப்புங்கள். முதல் தடவைக்கு விளக்கக் குறிப்பில் உள்ள பிழை போன்ற சின்னதாகப் பாருங்கள். என்னுடையது 9 வரி.

கணக்கு இதுதான்: சுமார் 15 வரிக்கு உட்பட்ட மாற்றம் என்றால் உரிமைப் பத்திரம் தேவையில்லை. கொமிட் செய்தியில் கொப்பிரைட்-பேப்பர்வேர்க்-எக்செம்ப்ட்: யெஸ் என்று ஒரு வரி சேர்ந்தால் போதும். அதற்கு மேல் போனால், அல்லது சின்னச் சின்னதாகச் சேர்ந்து அந்த அளவை எட்டினால், உங்கள் மாற்றத்தின் பதிப்புரிமையை கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளைக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். கட்டணம் எதுவும் இல்லை. முதலில் மின்னஞ்சலில் ஒரு படிவம். முழுப்பெயர், எந்த நாட்டுக் குடிமகன், பிறந்த வருடம், தபால் முகவரி, எந்தெந்த பைலை மாற்றினீர்கள், வேலை கொடுப்பவரோ படிக்கும் இடமோ இதற்கு உரிமை கோரக்கூடுமா என்று கேட்பார்கள். கடைசிக் கேள்விக்கு ஆம் என்றால் அந்த இடத்திடமிருந்தும் ஒப்பம் கேட்கக்கூடும். ஆகவே மாணவராகவோ உத்தியோகத்தராகவோ இருப்பவர் படிவத்தை அனுப்ப முன்னமே தம் இடத்தில் கேட்டுவிடுவது நல்லது.

கிராம சேவையாளரின் கடிதம், அடையாள அட்டைப் பிரதி எதுவும் தேவையில்லை. நான் கேட்பார்கள் என்று நினைத்து 2 நாள் அலைந்தேன். அச்சடிக்கவும் ஒப்பம் வைத்து ஸ்கான் பண்ணவும் கொமினிகேசன் கடையில் எனக்கு 400 ரூபாய்க்குள் முடிந்தது. தொடங்கி முடிய 6 வாரம். திருத்தம் ஆயத்தமாகும் வரை பார்த்திருக்காமல், எழுதத் தொடங்கும்போதே படிவத்தை அனுப்பிவிடுங்கள்.

நம் ஆட்களுக்கு முக்கியமாகச் சறுக்கும் இடம் பெயர். அடையாள அட்டையில் தகப்பன் பெயர் முன்னால் முழுதாக இருக்கும், மின்னஞ்சலில் ஓர் எழுத்து இனிஷியலாக இருக்கும், கிட்டில் வீட்டுப் பெயர் இருக்கும். படிவத்தில் எழுதும் பெயரும் மின்னஞ்சலும் கிட் கொன்பிகில் உள்ளதும் ஒன்றாக இருக்கட்டும். கொமிட்டுக்கு முன்பே சரிபாருங்கள்.

கொமிட் செய்தியின் வரிகள் 78 எழுத்தைத் தாண்டக்கூடாது. எந்த பைல், அடைப்புக்குள் எந்த பங்ஷன், என்ன மாற்றம் என்ற ஒழுங்கை கொன்ட்ரிபியூட் என்ற பைலில் பார்த்து அப்படியே எழுதுங்கள். கிட் ஃபோர்மட்-பட்ச் மூலம் எடுத்த பைலை மின்னஞ்சலில் இணைத்துப் பிழை அறிவிக்கும் முகவரிக்கு அனுப்புங்கள். போனில் இருந்து கொப்பி பண்ணி மின்னஞ்சலுக்குள் ஒட்டினால் இடைவெளிகள் குலைந்து பட்ச் ஏறாது. சற்று நேரத்தில் ஓர் இலக்கத்தோடு தானியங்கிப் பதில் வரும். திருத்திய பட்ச்சையும் கேள்விக்குப் பதிலையும் அந்த இலக்கத்துக்கே அனுப்புங்கள். பழைய முகவரிக்குத் திரும்ப அனுப்பினால் புது இலக்கம் விழுந்து, உங்கள் ஒரு திருத்தம் இரண்டு இடத்தில் கிடக்கும்.